ஒன்பது மணிக்குள் இறங்க வேண்டிய மலை

பெங்களூருவிலிருந்து புறப்படும் சாலைகள் – 7: உதகமண்டலம்

பெங்களூருவிலிருந்து உதகமண்டலத்துக்குக் காரில் செல்பவர், தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்து 265 முதல் 300 கிலோமீட்டர் வரை ஓட்ட வேண்டியிருக்கும். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரியும் இத்தொலைவுக்குள் இயல்பில் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கு சாலைகள் அடங்கியிருக்கின்றன. மைசூரு வரை விரைவுச்சாலை. அங்கிருந்து நஞ்சன்கூடு வழியாகக் குண்டலுப்பேட்டை வரை ஊர்களும் வயல்களும் ஒட்டிய நெடுஞ்சாலை. அதன்பின் பந்திப்பூர், முதுமலைக் காடுகளை ஊடறுக்கும் வனச்சாலை. கடைசியாக நீலகிரியின் வடசரிவில் ஏறும் மலைப்பாதை. ஒவ்வொன்றிலும் முந்தையதில் பழகியதைக் கைவிட்டால்தான் அடுத்ததில் ஒழுங்காக ஓட்ட முடியும் என்பதே இப்பயணத்தின் சிக்கல். இதனோடு, திரும்பி வரும்போது இரவு ஒன்பது மணிக்குக் காட்டுச்சாலை மூடப்படும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. மலையில் மிக நிதானமாகக் கடக்க வேண்டிய பகுதியை மிகுந்த அவசரத்தோடு கடக்கும்படி அந்த நெருக்கடி ஓட்டுநரைத் தள்ளுகிறது.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூருவே 900 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலத்தில் அமைந்த நகரம் என்பதால், சென்னைவாசிக்கு உதகை தரும் அதிர்ச்சி பெங்களூருவாசிக்கு இருப்பதில்லை. அதனாலேயே அவர் குளிரைக் குறைத்து மதிப்பிட்டு ஒரு மெல்லிய ஸ்வெட்டரோடு வந்து இறங்குவதும் உண்டு. இந்நகரத்தின் தொடக்கமே வெயிலுக்குத் தப்பி வந்தவர்களால் அமைந்தது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு ஏறி வந்தார். 1820-களின் முற்பகுதியில் உதகையில் கல் மாளிகை ஒன்றைக் கட்டினார். ஓடையைத் தேக்கி ஏரியை உருவாக்கியதும் அவர்தான். பின்னர் உதகை சென்னை மாகாண அரசின் கோடைகாலத் தலைநகரமாயிற்று. மைசூர் உடையார்களுக்கும் இங்கே ஃபெர்ன்ஹில்லில் ஓர் அரண்மனை இருந்தது. ஆகவே கன்னட நாட்டிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாக இம்மலைக்கு வரும் வழக்கம் வார இறுதிச் சுற்றுலா தொடங்குவதற்கு வெகு காலம் முந்தியது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலும் வந்துசேர்ந்த பற்சக்கர மலை ரயில் தெற்குச் சரிவில் ஏறுவது. வடக்கேயிருந்து வருபவருக்கு அன்றும் இன்றும் சாலை ஒன்றே வழி.

முதல் சாலையான பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலை, தேசிய நெடுஞ்சாலை 275-இன் பகுதியாகச் சுமார் 118 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்டு, 2023 மார்ச் 12 அன்று முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. திறந்த சில மாதங்களுக்குள்ளேயே தொடர்ந்து நேர்ந்த உயிரிழப்புகள் பெரும் விவாதமாயின. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் அதன் மையப் பாதையிலிருந்து விலக்கப்பட்டன, வேக வரம்பை மீறுவோரைப் பிடிக்கக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். இச்சாலையின் நேரடி ஆபத்துகளைவிட, அது ஓட்டுநரின் கண்ணில் விட்டுச்செல்லும் பழக்கமே இக்கட்டுரைக்கு முக்கியமானது. நீண்ட நேரம் ஒரே வேகத்தில் ஓட்டியவருக்கு அந்த வேகம் உறைப்பதில்லை. அதிலிருந்து குறைத்தவுடன் உண்மையான வேகத்தைவிட மெதுவாகப் போவதாகவே அவருக்குத் தோன்றும். மைசூரு வெளிவட்டச் சாலையைத் தாண்டி நஞ்சன்கூடு நோக்கித் திரும்பியவர், ஐம்பதில் போவதாக நினைத்து எழுபதில் போய்க்கொண்டிருப்பார். சாலையோரத்தில் மாடு கட்டியிருக்கும், சோளம் உலர்த்தியிருப்பார்கள், எச்சரிக்கைப் பலகையே இல்லாத வேகத்தடை குறுக்கிடும். கண்ணை நம்பாமல் வேகமானியைப் பார்ப்பதே இவ்விடத்தில் பயனுள்ள பழக்கம். மைசூருவில் சிற்றுண்டிக்காக அரைமணி நேரம் வண்டியை நிறுத்தினால் அந்த மயக்கமும் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது. இட்லிக்கு இப்படியொரு பயன் இருப்பது பலருக்குத் தெரியாது.

குண்டலுப்பேட்டையில் சாலை பிரிகிறது. ஒரு கிளை சுல்தான் பத்தேரி வழியாகக் கேரளத்துக்கும், மற்றொன்று பந்திப்பூர் வழியாகத் தமிழகத்துக்கும் செல்கின்றன. பழைய எண்களில் 212, 67 என வழங்கிய இவை இப்போது முறையே 766, 181 என்ற எண்களைத் தாங்குகின்றன. இரண்டும் பந்திப்பூர்ப் புலிகள் காப்பகத்தின் ஊடே போகின்றன. 1973-இல் இந்தியா தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்ட காடுகளுள் பந்திப்பூரும் ஒன்று. அதை ஒட்டிக் கிடக்கும் முதுமலை 1940-இலேயே சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமாயிற்று. இரவில் இக்காடுகளின் வழியே சென்ற லாரிகளிலும் கார்களிலும் அடிபட்டு விலங்குகள் இறப்பது பெருகியதால், சாம்ராஜநகர் மாவட்ட நிர்வாகம் 2009 ஜூனில் இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை இருசாலைகளிலும் போக்குவரத்தைத் தடைசெய்தது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு கர்நாடக உயர் நீதிமன்றம் சென்று, 2010 மார்ச்சில் தடை உறுதிசெய்யப்பட்டது. அவசர ஊர்திகளுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. வயநாட்டு மக்கள் இத்தடையை நீக்கக் கோரி 2019-இல் பெரும் போராட்டம் நடத்தினர். அரசியல் அழுத்தம் அவ்வப்போது எழுந்தாலும் தடை நிலைத்திருக்கிறது. ஒன்பது மணிநேர அமைதி ஒரு காட்டுக்கு மிகையான சலுகை அன்று என்றே சொல்லத் தோன்றுகிறது.

பகலில் இந்தச் சாலை திறந்திருப்பதனாலேயே அது பூங்காவாகிவிடுவதில்லை. காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதும், இறங்குவதும், குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடுவதும் தண்டனைக்குரியவை. 2025 ஆகஸ்டில் பந்திப்பூர்ச் சாலையில் காட்டு யானையுடன் தற்படம் எடுக்க நெருங்கிய ஒருவர் யானையால் துரத்தப்பட்டு, அதன் காலடியில் விழுந்தும் உயிர் தப்பினார். வனத்துறை அவருக்கு 25,000 ரூபாய் அபராதம் விதித்தது. யானை சாலையில் நின்றால் செய்யத்தக்கது எளிது: தொலைவிலேயே நின்று, என்ஜினை அணைக்காமல், ஹாரனைத் தொடாமல், பின்னால் வரும் வண்டி ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடாதபடி சற்று இடம் விட்டுக் காத்திருப்பது. காதை விசிறிக்கொண்டு மேயும் யானைக்கும், காதை விரித்து அசையாமல் நிறுத்தி, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு வண்டியை நோக்கித் திரும்பிய யானைக்கும் உள்ள வேறுபாட்டை உள்ளூர் ஓட்டுநர்கள் ஒரு பார்வையில் அறிவார்கள். அந்தப் பார்வை வாய்க்காத வெளியூரார், எதிரே நிற்கும் அரசுப் பேருந்து என்ன செய்கிறதோ அதையே செய்வது நல்லது.

கக்கநல்லா சோதனைச் சாவடியில் தமிழகம் தொடங்குகிறது. நீலகிரிக்குள் நுழையும் வாகனங்கள் இணையவழி நுழைவுச்சீட்டான இ-பாஸ் பெற வேண்டும் என்ற விதி, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 அன்று நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் ஒரு நாளைக்கு வாரநாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் சேர்ந்தது. நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் அந்த வரம்பு கிடையாது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களையும் சாவடியில் எடுத்துக்கொள்வார்கள். பாஸை முன்னரே எடுத்துவிட்டால் இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

மாயாறு ஓடும் தெப்பக்காட்டில், யானை முகாமை ஒட்டி, வழி இரண்டாகிறது. வலப்புறம் திரும்பினால் தொரப்பள்ளி, கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக உதகை ஏறத்தாழ 67 கிலோமீட்டர். இடப்புறம் மசினகுடி வழியாகச் சென்றால் ஏறத்தாழ 37 கிலோமீட்டர்தான். குறுக்குவழிக்கு உரிய விலையைக் கல்லட்டி மலைப்பாதை வாங்கிக்கொள்கிறது. மசினகுடிச் சமவெளியிலிருந்து தலைகுந்தா வரை சுமார் 1,200 மீட்டர் உயரத்தை அது 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடிக்கிறது. சாலை தன்மேலேயே மடிந்து எதிர்த்திசையில் திரும்பும் வளைவே கொண்டை ஊசி வளைவு. அதன் உட்புற ஓரம் வெளிப்புற ஓரத்தைவிடச் செங்குத்தானது என்பதால், உட்புறத்தை ஒட்டி ஏறும் கார் வளைவின் நடுவே மூச்சுத்திணறி நின்றுபோகும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதும் இதற்கு ஒரு காரணம். உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் நான்கில் மூன்று பங்கைச் சற்றே தாண்டுவது. டர்போ இல்லாத பெட்ரோல் என்ஜின் அதே விகிதத்தில் வலுவிழக்கிறது. ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய சிறிய கார் இரண்டாவது கியரில் இழுக்க மறுத்தால், வளைவுக்குள் புகுந்தபின் கியரோடு போராடுவதைவிட, வளைவின் வாயிலிலேயே முதல் கியருக்கு வந்துவிடுவது முறை.

இம்மலைப்பாதையில் ஏறுவது வண்டிக்குச் சோதனை, இறங்குவது ஓட்டுநருக்குச் சோதனை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஏழு பேர் சென்ற கார் இப்பாதையில் பள்ளத்தில் கவிழ்ந்தது. அடர்ந்த புதருக்குள் விழுந்த வண்டி சாலையிலிருந்து கண்ணுக்குத் தெரியாததால் இரண்டு நாள் கழித்தே கண்டுபிடிக்கப்பட்டது. ஐவர் இறந்திருந்தனர், இருவர் உயிரோடு மீட்கப்பட்டனர். அதன்பின் வெளியூர் வாகனங்கள் கல்லட்டி வழியாக இறங்குவதை மாவட்ட நிர்வாகம் தடைசெய்தது. உள்ளூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகள் இறங்கலாம். மற்றவர்கள் ஏறுவதற்கு மட்டும் இவ்வழியைப் பயன்படுத்தலாம் என்பது நடைமுறையாயிற்று. செல்பேசி வரைபடம் உதகையிலிருந்து மைசூருவுக்குக் குறுகிய வழியென்று கல்லட்டியைக் காட்டினாலும், தலைகுந்தாவில் நிற்கும் காவலர் அதைக் காட்டமாட்டார்.

இறக்கத்தில் என்ன நேர்கிறது என்பதைக் கணக்காகப் பார்ப்பது இங்கே தகும். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் 1,200 மீட்டர் இறங்கும்போது, உயரத்தில் அது சேமித்து வைத்திருந்த ஆற்றலில் ஏறத்தாழ 1.76 கோடி ஜூல் வெளியேற வேண்டும். அதே கார் விரைவுச்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 5.8 லட்சம் ஜூல். அதாவது, கல்லட்டியை ஒருமுறை இறங்குவது, நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுமையாக நிற்பதை முப்பது தடவை திரும்பத் திரும்பச் செய்வதற்குச் சமம். டயரின் உருளல் உராய்வும் காற்றின் எதிர்ப்பும் அதில் ஒரு சிறு பங்கைத்தான் ஏற்கும். மீதியை என்ஜின் ஏற்க வேண்டும், இல்லையேல் பிரேக் ஏற்க வேண்டும். விரைவுச்சாலையில் ஒருநாளில் இரண்டு மூன்று தடவை அழுத்தி நிறுத்தியதைத் தாங்கிய பிரேக், இதையும் தாங்கும் என்று நினைப்பதற்கு அடிப்படையே இல்லை.

பிரேக் என்பது ஓட்டத்தை உராய்வால் வெப்பமாக்கிக் காற்றில் கரைக்கும் கருவி. இடைவிடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் கரைவதைவிட வேகமாக வெப்பம் சேர்கிறது. முதலில் கருகிய வாடை வரும். பிறகு பிரேக் பட்டையின் பிடி தளரும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி அடங்காது. வெப்பம் மேலும் உள்ளே இறங்கினால் பிரேக் எண்ணெய் கொதிக்கும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் தன்மையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். ஆகவே பல ஆண்டுகளாக மாற்றப்படாத எண்ணெயோடு பெங்களூரு நெரிசலில் குறையின்றி ஓடிய வண்டி, மலையில்தான் அக்குறையைக் காட்டும். கொதித்த எண்ணெயில் குமிழிகள் உண்டாகின்றன. திரவம் சுருங்காது, குமிழி சுருங்கும். மிதித்த அழுத்தமெல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாக, மிதி தரை வரை தொளதொளவென்று இறங்கிவிடும். இந்நிலைக்கு வந்த ஓட்டுநருக்கு எஞ்சியிருப்பவை கைபிரேக்கும் தாழ்ந்த கியரும் மலைப்பக்கத்துச் சாக்கடையும் மட்டுமே.

இதற்கு மாற்று, வண்டியின் வேகத்தை என்ஜினைக் கொண்டே பிடித்து வைப்பது. எந்த கியரில் ஏறியதோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலையோட்டிகளின் பழைய விதி. மலைப்பாதைகளில் காணப்படும் ‘இரண்டாவது கியரில் செல்லவும்’ என்ற அறிவிப்பின் பொருளும் அதுவே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கியரில் பூட்டப்பட்ட சக்கரங்கள் என்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்தச் சுமையே வண்டியை இழுத்துப் பிடிக்கும். என்ஜின் உறுமும் ஓசையைக் கேட்டு அது கெட்டுப்போகுமோ என்று அஞ்சிக் கிளட்சை மிதிப்பவர்கள் உண்டு. கிளட்சை மிதித்த கணமே அந்தப் பிடி அறுந்து வண்டி தானாக உருளத் தொடங்கும். எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இன்னும் விபரீதமானது, கணக்கிலும் பிழையானது. இன்றைய கார்களில் கியரில் இறங்கும்போது கணினி எரிபொருளை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் இறங்கும்போதுதான் என்ஜினை அணையாமல் வைத்திருக்க எரிபொருள் செலவாகிறது. என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவருக்குப் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைத்துவந்த துணைவிசையும் போய்விடுகிறது.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் ‘டி’-யில் விட்டுவிட்டுப் பிரேக்கை நம்பக் கூடாது. கியர்த்தண்டை ‘எல்’-லுக்கோ கையால் மாற்றும் முறைக்கோ கொண்டுவர வேண்டும். மின்சாரக் கார்களுக்கு வேறு வகை எச்சரிக்கை உண்டு. அவற்றில் மோட்டாரே இறக்கத்தின் ஆற்றலை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பி வேகத்தைக் குறைக்கிறது. மேற்கண்ட கணக்கின்படி ஓர் இறக்கத்தில் ஏறத்தாழ ஐந்து யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல் அதில் அடங்கியிருக்கிறது. ஆனால் உதகை விடுதியில் இரவு முழுவதும் நூறு சதவீதம் நிரப்பிய பேட்டரி, திருப்பி அனுப்பப்படும் மின்சாரத்தை ஏற்க இடமின்றி இருக்கும். அப்போது அந்தப் பிடி குறைந்து சுமை முழுவதும் சாதாரண பிரேக்குக்குப் போய்விடும். மலையிலிருந்து இறங்கும் நாளில் எண்பது, எண்பத்தைந்து சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வதே பொருத்தம்.

பிரேக்கைத் தொடவே கூடாது என்பது இதன் பொருள் அன்று. வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுமையாக விடுவிக்க வேண்டும். விடுவிக்கும் இடைவெளியில்தான் தகடு குளிர்கிறது. வளைவுக்குள் எதிரே பேருந்து ஏறி வந்தால் அதற்கு முழுச் சாலையும் தேவைப்படும் என்பதை எண்ணி மேலேயே நின்றுவிட வேண்டும். குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வாகனம் ஏறும் வாகனத்துக்கு வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஏறும் வண்டி நடுவே நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம், இறங்கும் வண்டிக்கு அத்தொல்லை இல்லை என்பதே அவ்விதியின் காரணம். வார இறுதியில் வரும் பெங்களூரு, சென்னை, கொச்சிக் கார்களுள் எத்தனைக்கு இவ்விதி தெரியும் என்பதைக் கூடலூர்ச் சாலையில் கால்மணி நேரம் நின்று பார்த்தால் விளங்கிவிடும்.

குளிரும் மூடுபனியும் இவற்றின்மேல் வந்து படிபவை. உதகையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மேகமற்ற இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வேகமாக இழக்கிறது; குளிர்ந்து கனத்த காற்று சரிந்து பள்ளங்களில் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்விடங்களின் புல்வெளிகள் விடியலில் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். காற்றிலுள்ள ஈரம் நீராகாமல் நேரே பனிக்கட்டித் துகளாகப் படிவதை உறைபனி என்பர். திறந்தவெளியில் நிறுத்திய காரின் முன்கண்ணாடியும் மேற்கூரையும் காலையில் உப்புத் தூவியது போல் இருக்கும். விடுதிச் சமையலறையிலிருந்து ஒரு குவளை வெந்நீர் வாங்கி வந்து கண்ணாடியில் ஊற்றுவதே புதியவர் உடனே செய்யும் காரியம். திடீர் வெப்பத்தால் கண்ணாடி விரிசல் விடுவதும் அப்போதுதான். என்ஜினை ஓடவிட்டுச் சூடான காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பத்து நிமிடம் பொறுப்பதே வழி. ஓடும்போது கண்ணாடியின் உட்புறம் மங்குவது வண்டியில் இருப்பவர்களின் மூச்சு ஈரத்தால். குளிரில் யாரும் ஏசியைப் போட விரும்பமாட்டார்கள் என்றாலும், ஏசியையும் சூட்டையும் சேர்த்துப் போட்டால்தான் ஈரம் வடிந்து கண்ணாடி தெளியும். டயர்க் காற்றைப் பற்றிய கவலை மட்டும் தேவையற்றது. குளிரால் குறையும் அழுத்தத்தை, உயரத்தில் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கூடும் அளவு ஏறத்தாழ ஈடுகட்டிவிடுகிறது.

மூடுபனி வேறு, அது தரையில் இறங்கிய மேகம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் பகல் மூன்று மணிக்கே அது சாலையை விழுங்கும். முகப்பு விளக்கை உயர்த்தி எரித்தால் ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி எதிரே வெள்ளைச் சுவராக நிற்கும். தாழ்த்தி எரிய விட்டு, சாலையோர வெள்ளைக்கோட்டைப் பற்றிக்கொண்டு போக வேண்டும். நான்கு பக்க விளக்குகளையும் மின்னவிட்டபடி ஓட்டுவது இன்று பரவியிருக்கும் வழக்கம். அவ்வாறு மின்னும் வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா, திரும்பப்போகிறதா என்பது பின்னால் வருபவருக்கு விளங்காது. அதே பருவத்தில் மண்சரிவும் நேரும். 2009 நவம்பரில் நீலகிரியில் பெய்த பெருமழையில் பல இடங்களில் மலை சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வானிலை எச்சரிக்கை வந்த வாரத்தில் முன்பணம் கட்டிய அறைக்காக மலையேறுவது, அந்தப் பணத்துக்கு மிகப் பெரிய வட்டி கொடுப்பதாகிவிடும்.

குளிருக்கு அஞ்சி மக்கள் செய்யும் ஒரு காரியம் சாலையைவிட ஆபத்தானது. மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துக்கொண்டு உறங்குவதும், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு என்ஜினை ஓடவிட்டுக் காருக்குள் உறங்குவதும், கார்பன் மோனாக்சைடு என்ற நிறமும் மணமும் அற்ற வாயுவைச் சேரவிடுகின்றன. அது இரத்தத்தில் ஆக்சிஜன் அமர வேண்டிய இடத்தில் ஆக்சிஜனைவிடப் பன்மடங்கு இறுக்கமாக அமர்ந்துகொள்ளும். தலைவலியும் மயக்கமும் தோன்றும்போது எழுந்து கதவைத் திறக்கும் வலுவே இருக்காது. கம்பளியைக் கூட்டிக்கொள்ளலாம், நெருப்பை அறைக்குள் கூட்டக் கூடாது.

திரும்பும் நாளின் கணக்குக்கு வரலாம். கல்லட்டி இறக்கம் மூடப்பட்டிருப்பதால் பெங்களூருக்காரர் கூடலூர் வழியாகவே இறங்க வேண்டும். முதுமலைக் காட்டின் வாயிலான தொரப்பள்ளிச் சாவடி உதகையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நெரிசலற்ற நாளில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், மே மாத ஞாயிற்றுக்கிழமையில் மூன்று மணி நேரமும் போதாமல் போகும். சாவடியைக் கடந்தபின், வேகத்தடைகள் நிறைந்த காட்டுச்சாலையில் கர்நாடகப் பக்கத்து வாயில் வரை இன்னொரு மணி நேரம் ஆகும். ஆனால் வழக்கத்தில் நடப்பது வேறு. மதிய உணவு தாமதமாகும். ஏரியில் படகுக்கு வரிசை நீளும். வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கக் கடைத்தெருவில் ஒரு மணி நேரம் கழியும். ஆறு மணிக்கு மேல் கிளம்பியவர், நடுவட்டத்துக்குக் கீழே இருளும் மூடுபனியும் சூழ்ந்த இறக்கத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு லாரிகளை வளைவில் முந்தத் தொடங்குவார். அப்போது அவருடைய பிரேக்கும் பொறுமையும் ஒருசேரச் சூடேறியிருக்கும். இரவு எட்டரை மணிக்குத் தொரப்பள்ளியில் வந்து குவியும் வண்டிகளின் சக்கரங்களுக்கு அருகே நின்றால் கருகல் வாடை வீசும்.

உதகையை மாலை நான்கு மணிக்குள் விட்டுவிட வேண்டும் என்பதே இக்கணக்கின் விடை. அது முடியாவிட்டால், இறக்கத்தில் விரைந்து நேரத்தை ஈட்ட முயலாமல் கூடலூரிலேயே இரவு தங்கிவிடலாம். உதகையின் வார இறுதி வாடகையோடு ஒப்பிட்டால் கூடலூர் அறை மலிவு, குளிரும் குறைவு. காலை ஆறு மணிக்குச் சாவடி திறக்கும்போது முதல் வண்டிகளோடு புறப்பட்டால் பத்தரை, பதினொன்றுக்குப் பெங்களூருவின் கெங்கேரியை எட்டிவிடலாம். திங்கட்கிழமைக் காலைக் கூட்டம் ஒன்று தவறும். அலுவலகங்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன.

கோயம்புத்தூர்ப் பக்கம் இறங்கி, சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சாம்ராஜநகர் வந்தால் இந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று கருதுவோர் உண்டு. 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்த மலைப்பாதையிலும், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி முதல் கார்களுக்கு இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரையும் கனரக வாகனங்களுக்கு மாலை ஆறு மணி முதலும் தடை இருக்கிறது. அந்தச் சாலையையும், அதில் கரும்பு லாரிகளுக்காகக் காத்திருக்கும் யானைகளையும் பற்றி அடுத்த பகுதியில் காணலாம்.

(தொடரும்)